குடலுக்குள் ஒரு மறுகுடியேற்றம்

மருத்துவ ஆய்வுகள் பாதியில் நின்றுபோவது புதிதல்ல. மருந்தால் பலனில்லை என்று தெரிந்தால் நிறுத்துவார்கள். கெடுதல் செய்கிறது என்று தெரிந்தால் அன்றைக்கே நிறுத்துவார்கள். ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஓர் ஆய்வு நின்றதற்குக் காரணம் வேறு. 120 நோயாளிகளைச் சேர்ப்பதாகத் திட்டம். 43 பேர் சேர்ந்திருந்தபோதே கண்காணிப்புக் குழு தலையிட்டது. ஒரு பிரிவினர் மளமளவென்று குணமாகிக்கொண்டிருந்தார்கள். மற்ற இரண்டு பிரிவுகளிலும் பெரும்பாலானவர்களுக்கு நோய் திரும்பிக்கொண்டிருந்தது. இனியும் அவர்களுக்கு அந்தச் சிகிச்சையை மறுத்துக்கொண்டிருப்பது அறமாகாது என்று குழு முடிவு செய்தது.

குணமானவர்களுக்குக் கொடுக்கப்பட்டது, ஆரோக்கியமான வேறொருவரின் மலம்.

கொடையாளர் அன்றே கழித்த மலத்தை அரை லிட்டர் உப்புக் கரைசலில் கலக்கி, வடிகட்டி, தெளிந்து மேலே நிற்கும் நீரைச் சுத்தமான புட்டியில் எடுத்தார்கள். நோயாளிக்கு முதலில் சில நாள் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்து, பிறகு பேதி மருந்தால் குடலைக் கழுவினார்கள். அதன்பின் மூக்கு வழியாகச் சிறுகுடலின் தொடக்கம் வரை செலுத்திய மெல்லிய குழாயில் அந்தக் கரைசலை மெதுவாக விட்டார்கள். இப்படிப் பெற்ற 16 பேரில் 13 பேருக்கு ஒரே தடவையில் வயிற்றுப்போக்கு நின்றது, திரும்பவில்லை. மீதி மூவரில் இருவர் இரண்டாம் தடவையில் தேறினார்கள். வான்கோமைசின் மட்டும் சாப்பிட்டவர்களில் 13-க்கு 4 பேர்தான் குணமானார்கள். வான்கோமைசினோடு குடலையும் கழுவிக்கொண்டவர்களில் 13-க்கு 3 பேர். ஆய்வு நின்ற பிறகும் கதை தொடர்ந்தது. நோய் திரும்பிய 18 பேருக்கு அதே கரைசலைக் கொடுத்தார்கள்; 15 பேர் எழுந்தார்கள். நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 2013 ஜனவரியில் இந்த முடிவுகள் வெளிவந்தன. தொற்றுநோய் மருத்துவத்தில் நன்கு பழகிய, வலிமையான ஒரு மருந்தை இன்னொரு சிகிச்சை இவ்வளவு தூரம் பின்தள்ளுவது அரிது.

எதிரே நின்ற நோய் எது என்று தெரிந்தால்தான் இந்த எண்களின் கனம் புரியும். க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்பது ஒரு பாக்டீரியா. மருத்துவமனைகளில் சி.டிஃப் என்பார்கள். ஆக்சிஜன் பட்டால் செத்துவிடும். ஆனால் சாவதற்கு முன் தடித்த ஓடு போர்த்திய வித்தாக மாறிக்கொள்ளத் தெரியும். அந்த வித்து கட்டில் கம்பியிலும் கதவுப் பிடியிலும் மாதக்கணக்கில் கிடக்கும். கொரோனா காலத்தில் நாம் கையில் தேய்த்துக்கொண்ட ஆல்கஹால் திரவம் அதை ஒன்றும் செய்யாது. சோப்பு போட்டு, தண்ணீர் ஓட ஓடக் கழுவி உதிர்த்தால்தான் உண்டு. வாய் வழியாக உள்ளே போன வித்துகள் வயிற்று அமிலத்தையும் தாங்கிக் குடலுக்குப் போய்ச் சேரும். ஆரோக்கியமான குடலில் அவற்றால் பெரும்பாலும் எதுவும் செய்ய முடிவதில்லை. வந்த வழியே வெளியேறிவிடும். வேறொரு நோய்க்காக, சளிக் காய்ச்சலுக்கோ சிறுநீர்த் தொற்றுக்கோ அறுவைக்கு முன்னெச்சரிக்கையாகவோ, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட குடலில்தான் அவை கண் விழிக்கின்றன.

விழித்தபின் இரண்டு நச்சுகளைச் சுரக்கின்றன. குடலின் உட்சுவரில் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்பதற்கு உள்ளே ஒரு சட்டகம் உண்டு. நச்சுகள் அந்தச் சட்டகத்தைக் குலைக்கின்றன. செல்கள் சுருண்டு உதிர, சுவர் புண்ணாகி, அதன்மேல் மஞ்சள் நிறப் படலம் திட்டுத்திட்டாகப் படிகிறது. நாளுக்குப் பத்துப் பதினைந்து முறை வயிறு போகும், காய்ச்சல், வயிற்றுவலி. கடுமையானால் பெருங்குடல் உப்பிக் கிழியும் நிலைக்கு வந்து, அதை அறுத்தே எடுக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் நாலரை லட்சம் பேருக்கு இந்தத் தொற்று வந்தது. ஏறத்தாழ 29,000 பேர் நோய் கண்ட ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள்.

இதில் கொடுமையான பகுதி நோய் திரும்பத் திரும்ப வருவது. வான்கோமைசின் விழித்திருக்கும் கிருமியைக் கொல்லும். உறங்கும் வித்தைத் தொடாது. குடலில் எஞ்சியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொன்றுவிடும். மருந்தை நிறுத்தியதும் முன்னைவிட வெறுமையான குடலில் வித்துகள் மறுபடி முளைக்கும். முதல் தடவை குணமானவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது. ஒருமுறை திரும்பியவர்களில் பத்துக்கு நாலு பேருக்கு மீண்டும். அதற்கும் மேல் போனவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு. நோயைத் தீர்க்கக் கொடுக்கும் மருந்தே அடுத்த நோய்க்கு இடம் ஒழித்துக் கொடுக்கிறது. இதில் மருத்துவர் செய்த பிழை ஒன்றுமில்லை. அவர் கையில் இருந்ததெல்லாம் கொல்லும் மருந்துகள். நோயோ, ஏற்கெனவே தேவைக்கு மேல் கொன்றதால் வந்தது.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் கோருட்ஸ் என்ற குடல்நோய் மருத்துவரிடம் 2008-இல் ஒரு பெண்மணி வந்தார். எட்டு மாதத்தில் 27 கிலோ எடை இழந்திருந்தார். சக்கர நாற்காலி, இடுப்பில் டயாப்பர். எந்த ஆன்டிபயாட்டிக்கும் பலிக்கவில்லை. கோருட்ஸ் அவருடைய கணவரின் மலத்தைக் கொஞ்சம் வாங்கி, உப்புக் கரைசலில் கலந்து, கொலனோஸ்கோபி வழியாகப் பெருங்குடலில் விட்டார். ஓரிரு நாளில் வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது. இத்தகைய குணமடைதல்களை மற்ற மருத்துவர்களும் அதற்கு முன்பே பார்த்திருந்தார்கள். கோருட்ஸ் கூடுதலாக ஒன்று செய்தார். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அந்தப் பெண்மணியின் குடலில் யார் யார் இருந்தார்கள் என்று மரபணு வழியாகக் கணக்கெடுக்க ஏற்பாடு செய்தார். முன்பு எடுத்த மாதிரியில், ஆரோக்கியமான குடலில் கூட்டம் கூட்டமாக வாழும் பாக்டீராய்டிஸ் வகை கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்தது. அங்கே சாதாரணமாகக் குடியிராதவை பரவிக் கிடந்தன. இரண்டு வாரம் கழித்து எடுத்த மாதிரியில் கணவரின் பாக்டீரியாக்கள் குடலை நிறைத்திருந்தன. ஒரு மனிதருக்குள் இருந்த உயிர்ச் சமூகம் இன்னொருவருக்குள் ஏறக்குறைய முழுதாகப் போய்க் குடியேறிவிட்டது.

அந்தச் சமூகத்தின் அளவைச் சொல்ல வேண்டும். மனித மலத்தில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரை நீக்கினால் எஞ்சும் திடப்பொருளில் கணிசமான பங்கு பாக்டீரியாதான், நாம் தின்ற உணவின் மிச்சமல்ல. ஒரு கிராமில் பத்தாயிரம் கோடி அளவுக்கு இருக்கும். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2016-இல் போட்ட கணக்கின்படி, சராசரி மனித உடலில் வாழும் பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. உடலின் சொந்தச் செல்கள் சுமார் 30 லட்சம் கோடி. எண்ணிக்கையில் ஏறத்தாழச் சரிக்குச் சரி. எடை போட்டால் அத்தனை பாக்டீரியாவும் சேர்ந்து 200 கிராம்தான் வரும். அந்த 200 கிராமில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு சி.டிஃப் நோயாளிதான் சாட்சி.

இந்தச் சிகிச்சை நவீன மருத்துவத்துக்குள் வந்தது 1958-இல். கொலராடோ மாநிலத்தின் டென்வரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவரும் அவர் சகாக்களும், ஆன்டிபயாட்டிக்கிற்குப் பின் குடல் அழற்சி கண்டு உயிருக்குப் போராடிய நாலு பேருக்கு மல எனிமா கொடுத்தார்கள். நால்வரும் பிழைத்தார்கள். எந்தக் கிருமி அந்நோய்க்குக் காரணம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது; ஸ்டெஃபிலோகாக்கஸ் என்று நினைத்திருந்தார்கள். உண்மையான குற்றவாளி சி.டிஃப் என்று ஜான் பார்ட்லெட்டின் குழு கண்டுபிடித்தது இருபது ஆண்டு கழித்து, 1978-இல். ஆக, நோய்க்காரணம் தெரிவதற்கு முன்பே தீர்வு கையில் இருந்திருக்கிறது. ஐஸ்மன் தம் கட்டுரையில் இதை முறையாக ஆராய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த முறையான ஆய்வு நடந்து முடிய 2013 ஆகிவிட்டது.

ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஏன்? வான்கோமைசின் வந்துவிட்டது, அது பலருக்குப் பலித்தது என்பது ஒரு காரணம். காப்புரிமை எடுக்க முடியாத ஒன்றில் எந்த மருந்து நிறுவனமும் பணம் போடாது என்பது இன்னொன்று. ஆனாலும் அருவருப்புக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். அந்த அருவருப்பு நோயாளிகளுடையதாக இருந்திருக்காது. 2012-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு கருத்துக்கணிப்பில், சிகிச்சையில் தரப்போவது மலம் என்று வெளிப்படையாகச் சொன்ன பிறகும் ஐந்தில் நால்வர் இதையே தேர்ந்தெடுத்தார்கள். இரவும் பகலும் கழிப்பறையில் கிடப்பவருக்கு அருவருப்பு என்பது எட்டாத வசதி. மருத்துவர்கள் தங்கள் கூச்சத்தை நோயாளியின் கூச்சம் என்று கருதிக்கொண்டு, கேட்காமலே விட்டிருக்கிறார்கள். அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் குடலை அறுத்து எடுத்துக்கொண்டவர்கள்.

மற்ற உயிர்களிடம் இந்தக் கூச்சம் இல்லை. கோலாக் குட்டி தாயின் பையை விட்டு வெளிவரும் பருவத்தில், தாய் தன் பெருங்குடல் முனையிலிருந்து கூழ் போன்ற ஒரு தனி மலத்தைக் கழித்துக் குட்டிக்கு ஊட்டுகிறது. யூகலிப்டஸ் இலையை உடைத்துச் செரிக்கத் தேவையான பாக்டீரியாக்கள் அதில்தான் வருகின்றன. யானைக் கன்றும் தாயின் சாணத்தைத் தின்னும். மாடு அசைபோடுவதை நிறுத்திவிட்டால், நல்ல மாட்டின் முதல் வயிற்றிலிருந்து நீரை எடுத்துப் புகட்டுவது கால்நடை மருத்துவர்களுக்குப் பழகிய வேலை. மனிதர்களிலும், நான்காம் நூற்றாண்டில் சீனாவில் வாழ்ந்த கே ஹோங் என்ற மருத்துவர், கடுமையான வயிற்றுப்போக்குக்கும் உணவு நஞ்சுக்கும் மலக் கரைசலைக் குடிக்கக் கொடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் மருந்தைக் கண்டடைந்து 2015-இல் நோபல் பரிசு பெற்ற து யோயோவுக்கு வழிகாட்டியதும் இதே கே ஹோங்கின் நூல்தான். பழைய நூலில் இருப்பதாலேயே எதுவும் உண்மையாகிவிடாது. சோதித்துப் பார்க்கத் தகுதியானவை அங்கே கிடக்கக்கூடும் என்பதற்கு இந்த இரண்டும் நல்ல எடுத்துக்காட்டு.

சரி, குடியேறிய பாக்டீரியாக்கள் சி.டிஃபை எப்படி அடக்குகின்றன? இதற்கான விடையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி பித்தநீர்.

கொழுப்பைக் கரைக்கக் கல்லீரல் பித்த அமிலங்களைத் தயாரித்துச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. வேலை முடிந்ததும், சிறுகுடலின் கடைசிப் பகுதி அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்பிவிடும். தப்பிப் பெருங்குடலுக்குள் வழியும் ஐந்து பங்கில்தான் பாக்டீரியாக்கள் கைவைக்கின்றன. முதலில் அந்த மூலக்கூறோடு ஒட்டியிருக்கும் டாரின் போன்ற வாலை வெட்டுகின்றன. பலவகை பாக்டீரியாக்களுக்கு இது தெரியும். அடுத்து மூலக்கூறின் குறிப்பிட்ட ஒரு முனையிலிருந்து ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை அகற்ற வேண்டும். இந்த வித்தை வெகுசில இனங்களுக்கே கைவரும். க்ளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் அவற்றில் ஒன்று. இவ்விரு படிகளுக்குப் பின் கல்லீரல் அனுப்பிய முதல்நிலைப் பித்த அமிலம் இரண்டாம்நிலைப் பித்த அமிலமாகிவிடுகிறது.

சி.டிஃப் வித்துக்கு முதல்நிலைப் பித்த அமிலம்தான் விழிக்கச் சொல்லும் குறிப்பு. டாரோகோலேட் என்ற பித்த உப்பு பட்டால், வெளியே பாதுகாப்பாக இருக்கிறது என்று ஓட்டை உடைத்து முளைக்கிறது. முளைத்தபின் பெருங்குடலில் இரண்டாம்நிலைப் பித்த அமிலம் இருந்தால் வளர முடியாமல் தேங்கிப்போகிறது. நலமான குடலில் அதுதான் நடக்கிறது: முளைத்தது வளராது. ஆன்டிபயாட்டிக் வந்து க்ளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸ் போன்ற சிலரைக் கொன்றுவிட்டால், மாற்றுவாரில்லாமல் முதல்நிலைப் பித்த அமிலம் பெருங்குடலில் தேங்குகிறது. தடுக்கும் அமிலம் வற்றிவிடுகிறது. முளைக்கச் சொல்லும் குரல் ஓங்கியிருக்க, வளராதே என்று சொல்ல ஆளில்லை. மலம் பெற்ற நோயாளிகளின் பித்த அமிலங்களை மினசோட்டாக் குழு 2014-இல் அளந்து பார்த்தது. சிகிச்சைக்கு முன் இரண்டாம்நிலை அமிலங்கள் அநேகமாக இல்லை. சிகிச்சைக்குப் பின் அவை கொடையாளரின் அளவுக்கு வந்திருந்தன. நம் கல்லீரல் செய்யும் ஒரு பொருளை, நமக்கு முற்றிலும் அன்னியமான ஓர் உயிர் திருத்தி எழுதி, அந்தத் திருத்தத்தால் நம் உயிரைக் காக்கிறது. இதைப் படித்த நாளிலிருந்து கல்லீரலையும் குடலையும் மனித உறுப்புகள் என்று மட்டும் என்னால் எண்ண முடியவில்லை.

பித்தம் ஒரு வழிதான். நார்ச்சத்தை நொதிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற கொழுப்பமிலங்களைச் செய்யும் பாக்டீரியாக்கள் குடற்சுவரை ஊட்டி வளர்க்கின்றன. குடலின் சளிப்படலத்திலிருந்து கிடைக்கும் சர்க்கரைகளைக் கூட்டமாக இருப்பவை தின்று தீர்த்துவிடுவதால் சி.டிஃபுக்கு மிஞ்சுவதில்லை. ஆன்டிபயாட்டிக்கிற்குப் பின் அந்தச் சர்க்கரைகள் கேட்பாரற்றுக் கிடக்கும். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். க்ளாஸ்ட்ரிடியம் சிண்டென்ஸும் சி.டிஃபும் உறவினர்கள். ஆக்சிஜனைத் தாங்காதவை, வித்தாகத் தெரிந்தவை, ஒரே வாழிடத்தையும் கிட்டத்தட்ட ஒரே உணவையும் நாடுபவை. நம் ஊரில் நிலத்தில் பங்கு கேட்டு வழக்காடுகிறவர் பங்காளியாகத்தான் இருப்பார். யாரோ எவரோ வந்து கேட்பதில்லை. சி.டிஃபைக் கட்டி வைத்திருப்பவர்களும் பெரும்பாலும் அதன் பங்காளிகள்தான்.

இந்த விளக்கத்தோடு திருப்தி அடைந்துவிட முடியாதபடி, 2017-இல் ஜெர்மனியின் கீல் நகரத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. அங்கிருந்த மருத்துவர்கள் கொடையாளர் மலத்தைப் பாக்டீரியாவே நுழைய முடியாத நுண்துளை வடிகட்டியில் வடித்து, வெறும் வடிநீரை மட்டும் ஐந்து நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். ஐவரும் குணமானார்கள். உயிருள்ள பாக்டீரியா அதில் இல்லை. பாக்டீரியாவின் சிதைவுகள், அவை செய்த வேதிப்பொருட்கள், பாக்டீரியாக்களைத் தாக்கும் ஃபேஜ் என்னும் வைரஸ்கள் ஆகியவை இருந்தன. ஐந்து பேரை வைத்துப் பெரிய முடிவுக்கு வரக்கூடாதுதான். ஆனாலும் மலத்துக்குள் குணப்படுத்துவது எது என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லை என்பதை அந்த ஐவர் காட்டிவிட்டார்கள்.

2013-க்குப் பின் தேவை பெருகியது. மாசசூசெட்சில் எம்.ஐ.டி. மாணவராக இருந்த மார்க் ஸ்மித்தும் அவர் நண்பர்களும் 2012-இல் ஓப்பன்பயோம் என்ற லாப நோக்கற்ற மல வங்கியைத் தொடங்கியிருந்தார்கள். இரத்த வங்கியைப் போலத்தான் என்றாலும் கொடையாளராவது மிகக் கடினமாக இருந்தது. நீண்ட கேள்விப்பட்டியல், இரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை எல்லாம் தாண்டித் தேறியவர்கள் விண்ணப்பித்த நூறு பேரில் மூவருக்கும் குறைவு. அண்மையில் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர், உடல் பருமன் உள்ளவர், ஒவ்வாமை நோயுள்ளவர் என்று பலரும் கழிக்கப்பட்டார்கள். தேர்ந்தவரின் மலம் உறைநிலையில் நாடெங்கும் மருத்துவமனைகளுக்குப் போனது. குழாய், கொலனோஸ்கோபி எல்லாம் வேண்டாம், உறையிட்ட மாத்திரையாக விழுங்கினாலே போதும் என்பதை கனடாவின் ஆல்பர்ட்டாவில் நடந்த ஆய்வு 2017-இல் காட்டியது. மாத்திரை விழுங்கியவர்களிலும் கொலனோஸ்கோபி வழியாகப் பெற்றவர்களிலும் 96 சதவீதத்தினர் மறுபடி நோயின்றி இருந்தார்கள்.

பிறகு 2019. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் இரு வேறு ஆய்வுகளில் ஒரே கொடையாளரின் மாத்திரைகளைச் சாப்பிட்ட இருவருக்கு, பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் அடங்காத ஈ.கோலை பாக்டீரியா இரத்தத்தில் பரவியது. இருவருமே நோயெதிர்ப்பு குன்றியவர்கள். ஒருவர் இறந்துபோனார். அந்தக் கொடையாளருக்கு எந்த நோயும் இல்லை. அவர் குடலில் அந்த ஈ.கோலை சும்மா இருந்தது, அவ்வளவுதான். அவருடைய மலத்தைச் சேகரித்தபோது இத்தகைய எதிர்ப்புப் பாக்டீரியாவுக்கான பரிசோதனை கட்டாயமாக இருக்கவில்லை. இதற்குப் பின் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைக் கட்டாயமாக்கியது. ஒருவரின் உடலில் வெறுமனே தங்கியிருப்பது இன்னொருவரின் உடலில் கொல்லும். வலைத்தளங்களில் வீட்டிலேயே மிக்ஸியில் அடித்து எனிமா செய்துகொள்ளும் முறைகளைச் சொல்லித் தருகிறவர்கள் உண்டு. உறவினர்தானே, நல்லாத்தானே இருக்கிறார் என்று அதில் இறங்கக் கூடாது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

ஆஸ்திரேலியா 2022 நவம்பரில் இத்தகைய சிகிச்சைப் பொருளை முதன்முதலாக மருந்தாக அங்கீகரித்தது. அதே மாதக் கடைசியில் அமெரிக்காவில் எனிமாவாகக் கொடுக்கும் ரெபயோட்டா வந்தது. 2023 ஏப்ரலில் விழுங்கும் மாத்திரையான வௌஸ்ட். வௌஸ்ட் தயாரிக்கும் முறை அழகானது. கொடையாளரின் மலத்தை ஆல்கஹாலில் ஊறவைக்கிறார்கள். விழித்திருக்கும் பாக்டீரியாக்களும் பலவகை வைரஸ்களும் சாகின்றன. வித்துகள் மட்டும் தப்புகின்றன. எந்தக் குணத்தால் சி.டிஃப் மருத்துவமனைகளை ஆட்டிவைத்ததோ அதே குணத்தால் அதன் பங்காளிகளைத் தனியே பிரித்தெடுத்துவிட்டார்கள். நாளுக்கு நாலு மாத்திரை, மூன்று நாள். 182 பேரை வைத்து நடந்த ஆய்வில், எட்டு வாரத்துக்குள் நோய் திரும்பியவர்கள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 40 சதவீதம், வௌஸ்ட் சாப்பிட்டவர்களில் 12 சதவீதம்.

இத்தனை வெற்றியைப் பார்த்தபின், மற்ற நோய்களுக்கும் இதைக் கொடுத்தால் என்ன என்ற ஆசை எழுவது இயல்பு. புண்ணாகும் பெருங்குடல் அழற்சியில் ஓரளவு பலன் தெரிகிறது. கனடாவின் ஹாமில்டனில் 2015-இல் முடிந்த ஆய்வில் மலம் பெற்றவர்களில் 24 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 5 சதவீதத்தினருக்கும் நோய் தணிந்தது. தணிந்தவர்களில் பெரும்பாலோர் ஒரே கொடையாளரிடமிருந்து பெற்றவர்கள். தோல் புற்றுநோய்க்கான நோயெதிர்ப்புச் சிகிச்சை பலிக்காத சிலருக்கு, அது பலித்தவர்களின் மலத்தைக் கொடுத்தபோது மருந்து வேலை செய்யத் தொடங்கியதை 2021-இல் இஸ்ரேலிலும் பிட்ஸ்பர்க்கிலும் பார்த்தார்கள். ஹெல்சிங்கியில், சிசேரியனில் பிறந்த ஏழு குழந்தைகளுக்குத் தாயின் மலத்தை மிகச் சிறு அளவில், கடும் பரிசோதனைக்குப் பின், பாலில் கலந்து ஊட்டினார்கள். அவர்களின் குடல் இயல்பான பிரசவத்தில் பிறந்த குழந்தைகளுடையதைப் போலாயிற்று. இவை எல்லாம் இன்னும் ஆய்வு நிலையில் இருப்பவை. ஆட்டிசம், பருமன், மனச்சோர்வு என்று எல்லாவற்றுக்கும் இதை விற்கும் இடங்களை நம்ப வேண்டியதில்லை. சி.டிஃப் நோய் குடலில் சிலர் இல்லாமல் போனதால் வருவது; அவர்களைத் திருப்பி அனுப்பினால் தீர்கிறது. மற்ற நோய்களில் குடல் பாக்டீரியாக்கள் மாறியிருப்பது காரணமா, விளைவா என்பதே பலவற்றில் இன்னும் துலங்கவில்லை.

இந்தியாவில் லூதியானாவின் தயானந்த் மருத்துவக் கல்லூரியில் அஜித் சூட் தலைமையிலான குழு பெருங்குடல் அழற்சிக்கு இந்தச் சிகிச்சையைப் பல ஆண்டுகளாகக் கொடுத்துவருகிறது. தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் அழற்சியைத் தணிக்கும் உணவுமுறையோடு சேர்த்து, கிராமப்புறக் கொடையாளர்களின் மலத்தைக் கொடுத்துப் பலன் கண்டதை 2022-இல் வெளியிட்டார்கள். ஆனால் நம் நாட்டில் கொடையாளரைத் தேடுவது அமெரிக்காவைவிடக் கடினம். மருந்துச் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டுப் பழகிய சமூகம் இது. நோயே இல்லாதவர்களின் குடலிலும் எதிர்ப்பாற்றல் பெற்ற ஈ.கோலை பரவலாகக் குடியிருக்கிறது. மாசசூசெட்சில் ஒருவரைக் கொன்ற அதே வகைதான். சளிக்கு, தொண்டைக் கரகரப்புக்கு என்று கடையில் கேட்டு வாங்கும் ஒவ்வொரு அட்டையும், நாளை ஒருவருக்குக் கொடுத்து உதவக்கூடிய குடலொன்றைக் குறைக்கிறது. ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போதோ அதை முடித்த சில வாரத்திலோ நாளுக்கு மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போனால், பேதியை அடக்கும் மாத்திரையைத் தானே வாங்கி விழுங்காமல், முன்பு சாப்பிட்ட மருந்தின் பெயரோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கொடையாளரே தேவைப்படாத வழியொன்றும் திறந்திருக்கிறது. வேதாந்தா என்ற அமெரிக்க நிறுவனம் க்ளாஸ்ட்ரிடியா வகுப்பைச் சேர்ந்த எட்டே எட்டு பாக்டீரியா வகைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே தொட்டியில் வளர்த்து, ஒரே மாத்திரையாக்கியிருக்கிறது. யாருடைய மலமும் அதில் இல்லை. 2023-இல் வெளியான இரண்டாம் கட்டச் சோதனையில், கூடிய அளவு மருந்து பெற்றவர்களில் சுமார் 14 சதவீதத்தினருக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களில் சுமார் 45 சதவீதத்தினருக்கும் சி.டிஃப் திரும்பியது. சோதிக்கப்பட்டவர்கள் எண்பது பேருக்கும் குறைவு என்பதால், பெரிய அளவிலான மூன்றாம் கட்டச் சோதனை தேவைப்பட்டது, அது தொடங்கிவிட்டது. அதிலும் இதே பலன் கிடைத்தால், சுத்தமான கொடையாளர் கிடைக்காத நாடுகளின் மருத்துவமனைகளுக்கும் இந்தச் சிகிச்சை ஒரு மாத்திரைப் புட்டியாக வந்து சேர முடியும்.